மெட்ரோவா லோக்கல் ட்ரெயினா? மதுரைக்கு ரெண்டையும் ஒண்ணா கோக்கணும்

திருப்புவனத்துல இருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணே, மதுரை மெட்ரோவ திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா நம்ம ஜங்ஷன்ல இருந்து நாலு பக்கமும் ரயில் பாதை ஏற்கனவே கெடக்கு, அதுலயே மெட்ராஸ் மாதிரி லோக்கல் ட்ரெயின் விட்டா மெட்ரோவே தேவையில்லதான? நான் தினமும் மதுரைக்கு காலேஜ் வர்றேன், எங்க ஊர்ப் பக்கத்துக்கு எது வந்தா நல்லது?"

தம்பி, நேரா சொல்லிர்றேன். பாதி மெட்ரோவுக்கு பதிலா ரயில்வே பாதை போதும், மிச்ச பாதிக்கு மெட்ரோ கண்டிப்பா வேணும், அந்த ரெண்டு பாதியும் ஒரு எடத்துல ஒழுங்கா சேரணும். மெட்ரோவா லோக்கலானு ஒண்ண தேர்ந்தெடுக்கச் சொல்றதே தப்பான கேள்வின்னு நான் நெனைக்கிறேன். ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், நேரம் இருக்கும்போது படிங்க.

நான் பொறந்து வளந்தது திருமங்கலம். மெட்ராஸ்ல ஆறு வருஷம் தாம்பரம் லைன்ல நின்னுக்கிட்டே வேலைக்கு போயிருக்கேன், அதுக்கப்புறம் நாலு வருஷம் தென் கொரியாவுல சுவோன்ங்கற ஊர்ல வேலை. சுவோன் சியோலுக்கு தெக்க நாப்பது கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கு, நம்ம மதுரைக்கு விருதுநகர் மாதிரினு வச்சுக்கங்க. இந்த விஷயத்துல எனக்கு கண்ணத் தெறந்துவிட்டது அந்த ஊரு ரயிலுதான்.

சுவோன்ல நான் ஏறுனது பாத்தா சாதாரண ரயில்வே பாதை. பக்கத்துலயே எக்ஸ்பிரஸ் போகும், கூட்ஸ் போகும், வெளிய வயக்காடு அபார்ட்மெண்ட்டுனு மாறி மாறி வரும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துல சியோல் கிட்ட வருவோம், நாம்யோங்னு ஒரு ஸ்டேஷன், அது வரைக்கும் தரைக்கு மேலதான். அத தாண்டுன ஒடனே வண்டிக்குள்ள ஒரு அறிவிப்பு வரும், கரெண்ட் மாறப்போகுது, கொஞ்ச நேரத்துக்கு சில லைட்டு அணையும், ஏசி நிக்கும்னு. பழைய வண்டியா இருந்தா நெசமாவே பாதி லைட்டு அணஞ்சிரும், ஃபேன் சத்தம் நின்னுபோயி சக்கரம் உருளுற சத்தம் மட்டும் கேக்கும், வண்டி வந்த வேகத்துலயே சும்மா மெதந்துக்கிட்டு போகும். ஒரு ஆளு கூட பொஸ்தகத்துல இருந்து தலைய தூக்க மாட்டாங்க. திரும்ப லைட்டு வரும்போது நாம சுரங்கத்துக்குள்ள இருப்போம், அடுத்த ஸ்டேஷன் சியோல் ஸ்டேஷன், சப்வே, அதாவது அந்த ஊரு சுரங்க மெட்ரோ. ஏறுன சீட்டுல இருந்து எந்திரிக்கவே இல்ல, ஆனா ரயில்வேல ஏறுன நான் இப்ப மெட்ரோல இருக்கேன்.

அங்க நடக்கறது என்னன்னா, வெளிப் பாதையில 25 ஆயிரம் வோல்ட் ஏசி கரெண்ட், நம்ம ரயில்வேல இருக்கற அதே வோல்டேஜ். சுரங்கத்துக்குள்ள 1500 வோல்ட் டிசி. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச தூரம் கம்பியில கரெண்டே இருக்காது, அந்த எடத்த வண்டி ஓடி வந்த வேகத்துலயே கடந்துரும், அதுக்குள்ள சுவிட்ச மாத்திருவாங்க. ரெண்டு கரெண்ட்லயும் ஓடுற மாதிரியே அந்த வண்டிய செஞ்சிருக்காங்க.

இப்ப முக்கியமான கணக்கு. சியோலோட முதல் சப்வே 1974 ஆகஸ்ட் 15-ல தெறந்தது, அதுல அவங்க தோண்டுன சுரங்கம் வெறும் 7.8 கிலோமீட்டர், 9 ஸ்டேஷன். அம்புட்டுதான். ஆனா அதே நாள்ல, ஏற்கனவே கெடந்த ரயில்வே பாதைக்கு மேல கம்பி இழுத்து, இஞ்சியோனுக்கும் சுவோனுக்கும் மின்சார ரயிலும் விட்டாங்க, அந்த ரயில்கள அப்டியே சுரங்கத்துக்குள்ள நுழைய விட்டாங்க. அன்னைக்கு அது பணக்கார நாடு இல்ல, ஊரு பூராம் தோண்ட காசு கெடையாது. அதனால ரயில் பாதையே இல்லாத நடு ஊருக்குள்ள மட்டும் தோண்டி, மிச்சத்துக்கு இருக்கறத பயன்படுத்திக்கிட்டாங்க. இன்னைக்கு அந்த ஒண்ணாம் நம்பர் லைன் 200 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, 2005-ல சோனான் வரைக்கும், 2008-ல சின்சாங் வரைக்கும் நீட்டிக்கிட்டே போனாங்க. இதுல சுரங்கம் இன்னைக்கும் அதே 7.8தான். நடு ஊருல ஓடுற பகுதி நகராட்சியோடது, வெளிப் பாதை தேசிய ரயில்வேயோடது, வண்டியும் ரெண்டு பேருதும் கலந்துதான் ஓடும். பிளாட்பாரத்துல நிக்கறவனுக்கு வந்த வண்டி யாரோடதுனு தெரியவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல.

இன்னொன்னு சொல்லணும், ஏன்னா ரெண்டு நிர்வாகம் சேந்து ஒரு வேலை செய்யறதெல்லாம் நடக்கற காரியமானு நம்ம ஊர்ல கேப்பாங்க. சியோல் நாலாம் நம்பர் லைன்ல சப்வே பகுதி வலது பக்கம் ஓடும், ரயில்வே பகுதி இடது பக்கம் ஓடும், பழைய வழக்கம் அப்டி. ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல. என்ன பண்ணாங்கன்னா நாம்தேரியோங்ங்கற ஸ்டேஷனுக்கும் சோன்பாவிங்கற ஸ்டேஷனுக்கும் நடுவுல சுரங்கத்தையே முறுக்கு மாதிரி பின்னி, ஒரு பாதைய இன்னொன்னுக்கு மேல தூக்கி அங்கிட்டு இங்கிட்டு மாத்திவிட்டுட்டாங்க. பிரச்சினை பிரச்சினையாவே இருந்துச்சு, ஆனா அத இன்ஜினியர் தலையில போட்டாங்க, பயணி தலையில போடல. அந்த எண்ணம்தான் நமக்கு வேணும்.

சரி மதுரைக்கு வருவோம்.

மெட்ரோ திட்டம் என்னன்னா திருமங்கலத்துல ஆரம்பிச்சு தோப்பூர், திருப்பரங்குன்றம், பசுமலை, ஜங்ஷன், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணினு போயி ஒத்தக்கடையில முடியும், மொத்தம் கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர். செலவு 11 ஆயிரத்துச் சொச்சம் கோடினு சொன்னாங்க. நடு ஊருக்குள்ள அஞ்சு கிலோமீட்டர் கிட்ட சுரங்கம், மிச்சம் பாலத்து மேல. 2025 நவம்பர்ல மத்திய அரசு அத திருப்பி அனுப்புச்சு, 2017-ல வந்த மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் ஜனத்தொகை வேணும், 2011 சென்சஸ்ல மதுரைக்கு 15 லட்சம்தான்னு. பதினாலு வருஷத்துக்கு முந்தின தலைக்கணக்க வச்சு அடுத்த அம்பது வருஷத்துக்கு ஓடப்போற ரயில அளக்கறது எனக்கு நியாயமா படல. அதே 2011 கணக்குல போபாலும் ஆக்ராவும் கூட 20 லட்சத்துக்கு கீழதான், அங்க மெட்ரோ ஓடுது. அந்த வருத்தம் எனக்கும் இருக்கு.

ஆனா அந்த 32 கிலோமீட்டர் மேப்ப எடுத்து ரயில்வே பாதைய அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க தம்பி. திருமங்கலத்துல இருந்து ஜங்ஷன் வரைக்கும் 17 கிலோமீட்டர் ரயில்வே பாதை கிட்டத்தட்ட அதே திசையில ஓடுது. அதுவும் இப்ப இரட்டைப் பாதை, மதுரை–திருமங்கலம் ரெண்டாவது பாதை 2023 மார்ச்ல வேலை முடிஞ்சு தெறந்தாச்சு. கரெண்ட் கம்பி இருக்கு. நடுவுல திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் இருக்கு. ஆக, மெட்ரோவுல பாதிக்கு மேல நீளம் ஏற்கனவே தரையில கெடக்கு. மிச்சம் ஜங்ஷன்ல இருந்து ஒத்தக்கடை, சுமாரா 15 கிலோமீட்டர், அங்கதான் ரயில் பாதையே கெடையாது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு கெடையாது, ஐகோர்ட்டுக்கு கெடையாது, கோரிப்பாளையத்துக்கு கெடையாது, மேலூருக்கு இன்னைக்கு வரைக்கும் கெடையாது. வைகைக்கு வடக்க கெழக்கு மதுரை பூராத்துக்கும் ரயில்ங்கறதே இல்ல. அங்க லோக்கல் ட்ரெயின் விடுங்கன்னா எதுல விடுறது? அதனாலதான் சொல்றேன், மெட்ரோவே வேணாங்கறது தப்பு. சியோல்ல 7.8 தோண்டுன மாதிரி, நமக்கு புதுசா கட்ட வேண்டியது அந்த 15 கிலோமீட்டர். தெக்குப் பாதிய ரயில்வே பாதை சுமக்கட்டும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, மறைக்காம சொல்லிரணும். கொரியாவுல சப்வேக்கும் ரயில்வேக்கும் தண்டவாள அகலம் ஒண்ணு, 1435 மில்லிமீட்டர். நம்ம ரயில்வே 1676. சென்னை மெட்ரோ உட்பட நம்ம நாட்டுல புதுசா கட்டுற மெட்ரோ பெரும்பாலும் 1435. டெல்லியில 2002-ல முதல்ல தெறந்த லைன் அகலப்பாதையிலதான் போட்டாங்க, ஆனா அங்கயும் ரயில்வே வண்டி மெட்ரோவுக்குள்ள வரல. அதனால திருமங்கலத்துல ஏறி அதே சீட்டுல மாட்டுத்தாவணி போய் எறங்கறது, மெட்ரோவையும் அகலப்பாதையில கட்டுனா ஒழிய நடக்காது. நான் அந்த ஆசைய விட்டுட்டேன். ஒரு தடவ மாறி ஏறுறதுல தப்பில்ல, அந்த மாறுறது எப்டி இருக்குங்கறதுதான் விஷயம்.

மெட்ராஸ்ல பாருங்க, தாம்பரம் லைன்ல 1931-லயே மின்சார ரயில் விட்டுட்டாங்க, அந்த ஊரோட தெக்குப் பக்கம் வளந்ததே அந்த லைன் மேலதான். பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் ரயிலப் பாத்துதான் வீடு கட்டுன ஊருங்க. அப்புறம் பறக்கும் ரயில் வந்துச்சு, 1995-ல பீச்–சேப்பாக்கம், 2007-ல வேளச்சேரி வரைக்கும். வேளச்சேரியில இருந்து பரங்கிமலை அஞ்சே கிலோமீட்டர், அத சேத்துட்டா தாம்பரம் லைனும் மெட்ரோவும் பறக்கும் ரயிலும் ஒரே எடத்துல கை கோத்துக்கும். 2008-ல வேலைய ஆரம்பிச்சாங்க, ஆதம்பாக்கத்துல ஒரு 500 மீட்டர் நெலப் பிரச்சினையில வருஷக்கணக்கா நின்னுபோச்சு. பாலம் ரெண்டு பக்கமும் முடிஞ்சு நடுவுல வெறும் ஆகாசம், அத நான் தினமும் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே போயிருக்கேன். அந்த அரை கிலோமீட்டர் இல்லாததால வேளச்சேரி லைன் பூராவும் முழுப் பலன் குடுக்கல. ரயிலுக்கு நெட்வொர்க்தான் உசுரு. கடைசி 500 மீட்டர் இல்லன்னா முன்னாடி போட்ட அம்புட்டு கிலோமீட்டரும் பாதி வெலைக்குத்தான் போகும்.

நம்ம ஜங்ஷன்லயும் அதேதான். மேலவெளி வீதி வாசல்ல எறங்கி பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து பாருங்க. தூரம் ஒண்ணும் பெருசில்ல, பத்து நிமிஷ நடை. ஆனா கையில ஒரு பையும் எடுப்புல ஒரு பிள்ளையும் வச்சிருக்கற பொம்பளைக்கு, ஆட்டோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல, மழை பெஞ்சா தண்ணிக்குள்ள, அந்த பத்து நிமிஷம் என்னன்னு எங்க அம்மா கூட போகும்போதுதான் எனக்கு தெரியும். திருமங்கலத்துல இருந்து ஜங்ஷனுக்கு ரயில்ல போற நேரத்த விட அந்த ரோட்ட கடக்கறதத்தான் அவங்க பெரிய பயணமா நெனைப்பாங்க. அதனால மெட்ரோ ஸ்டேஷன் ஜங்ஷனுக்கு "பக்கத்துல" வருதுன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. பிளாட்பார நடைமேம்பாலத்துல இருந்தோ சுரங்க நடைபாதையில இருந்தோ வெயில் படாம நேரா மெட்ரோவுக்கு எறங்கணும், பெரியாருக்கும் அதே வழி போகணும். மெட்ரோ பத்து வருஷம் கழிச்சு வரட்டும், ஜங்ஷன கட்டும்போதே அதுக்கு எடம் விட்டு வைக்கணும், அப்புறம் இடிச்சு கட்டறதுதான் செலவு.

டிக்கெட்டும் அப்டித்தான். சியோல்ல 2004 ஜூலையில இருந்து ஒரே கார்டு, போற தூரத்துக்கு மொத்தமா ஒரு கணக்கு, பஸ்ஸுல எறங்கி அரை மணி நேரத்துக்குள்ள ரயில்ல ஏறுனா புதுசா டிக்கெட் காசு எடுக்காது. மெட்ராஸ்ல 2025 செப்டம்பர்ல சென்னை ஒன்னு ஒரு ஆப் வந்துச்சு, பஸ்ஸு, மெட்ரோ, புறநகர் ரயில் மூணுக்கும் அதுலயே டிக்கெட். நல்ல ஆரம்பம். மதுரைக்கு அத கொண்டுவர ஒரு பாலமும் கட்ட வேண்டியதில்ல.

இப்ப லோக்கல் ட்ரெயின் பாதிக்கு வர்றேன், இதுலதான் நெறைய பேரு வெவரம் தெரியாம பேசுறாங்க, பாதை இருக்குல்ல, ரயில விட வேண்டியதுதானன்னு. பாதை இருக்கறதுக்கும் எடம் இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

நம்ம பக்கம் சிக்னல் முறை எப்டின்னா, ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு திசையில ஒரு நேரத்துல ஒரு வண்டிதான். முன்னாடி போன வண்டி அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேந்தாத்தான் இங்க பின்னாடி வண்டிக்கு சிக்னல் விழும். திருப்பரங்குன்றத்துல இருந்து திருமங்கலம் சுமார் பத்து கிலோமீட்டர், வண்டி போக பத்து நிமிஷம், மேல ரெண்டு மூணு நிமிஷம். அப்ப பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வண்டிங்கறதுதான் இப்ப இருக்கற கணக்குல அதிகபட்சம்னு வச்சுக்கலாம், அதுக்குள்ளதான் எக்ஸ்பிரஸ், கூட்ஸ் எல்லாம். மெட்ராஸ்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வருதுன்னா அங்க தானியங்கி சிக்னல், கிலோமீட்டருக்கு ஒண்ணுனு நட்டு வச்சிருக்காங்க, ஒரு வண்டி பின்னாடியே இன்னொன்னு ஊர்ந்து வரலாம், அதுபோக லோக்கலுக்குனு தனிப் பாதையே இருக்கு.

ஆனா நமக்கு அஞ்சு நிமிஷம் தேவையே இல்ல. காலையில ஏழுல இருந்து பத்து, சாயங்காலம் நாலரையில இருந்து எட்டு, இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு சரியா வந்தா போதும். இதுக்கு நம்ம பாதையோட ஒரு நல்ல குணம் ஒத்துழைக்கும். ராத்திரி மெட்ராஸ்ல கெளம்பி தெக்க வர்ற ரயில்கள்ல முக்கால்வாசி விடியறதுக்குள்ள மதுரைய தாண்டிரும், அதே மாதிரி தெக்க இருந்து மெட்ராஸ் போறது பெரும்பாலும் ராத்திரி ஒம்போதுக்கு மேலதான் மதுரைக்கு வரும். ஆபீஸ், காலேஜ் நேரத்துல பாதை மெட்ராஸ் அளவுக்கு அடைபட்டு கெடக்கறதில்ல. திருப்பரங்குன்றத்துலயோ தோப்பூர் பக்கமோ லோக்கல் ஒதுங்கி நிக்க நல்ல லூப் லைன் இருந்துட்டா, எக்ஸ்பிரஸ் பின்னாடி வந்தா ஒதுங்கி வழி விட்டுரலாம்.

அடுத்தது வண்டி. இஞ்சின் மாட்டுன பாசஞ்சர் வண்டி இதுக்கு ஆகாது. அது கெளம்பி வேகம் எடுக்கறதுக்குள்ள அடுத்த ஸ்டேஷன் வந்துரும், கடைசியில இஞ்சின கழட்டி அந்தப் பக்கம் மாட்டணும். மெமு வண்டியா இருந்தா மோட்டார் பெட்டிக்குள்ளயே இருக்கும், சட்டுனு எடுக்கும் சட்டுனு நிக்கும், ரெண்டு பக்கமும் டிரைவர் கேபின், திருப்பறதே கெடையாது. ஆறு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன்ங்கற தூரத்துக்கு அதுதான் சரி. அதுலயும் அகலமான கதவு, ஏறுற படி இல்லாத அளவுக்கு ஒசந்த பிளாட்பாரம் வேணும். நம்ம ஸ்டேஷன்ல ஒசந்த பிளாட்பாரமே 760-ல இருந்து 840 மில்லிமீட்டர்தான், பெட்டியோட தரை அதுக்கும் மேல ஒரு அடிக்கு மேல இருக்கும். நூறு பேரு அந்த படியில ஏறி எறங்கறதுலயே ரெண்டு நிமிஷம் போயிரும், பத்து ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷம். அதனால பிளாட்பார ஒசரங்கறது சின்ன விஷயமில்ல.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுற ஒண்ணு, வண்டி ஜங்ஷனோட முடியக் கூடாது. திருமங்கலத்துல இருந்து வந்து ஜங்ஷன்ல நின்னு திரும்புனா ஒரு பிளாட்பாரத்த இருவது நிமிஷம் புடிச்சுக்கும், ஜங்ஷன் பிளாட்பாரம் ஏற்கனவே கெடைக்காத பண்டம், வெளிய சிக்னல்ல வண்டி காத்து நிக்கறத எல்லாரும் அனுபவிச்சிருக்கோம். அதே வண்டி திரும்பாம வடக்க கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டினு போச்சுன்னா ஜங்ஷன்ல மூணு நிமிஷம் நின்னா போதும். திண்டுக்கல் பாதையும் இரட்டைப் பாதைதான். திருமங்கலத்துக்காரன் சோழவந்தானுக்கு போவானான்னு கேக்கலாம். அவன் போக வேணாம், ஆனா செல்லூர், கூடல்நகர் பக்கம் காலேஜ் இருக்கற பிள்ளைங்க நடுவுல எறங்காம போவாங்க, வாடிப்பட்டிக்காரங்க திருப்பரங்குன்றத்துக்கு நேரா கோயிலுக்கு போவாங்க. ஜெர்மனியில மியூனிக்ல 1972-ல புறநகர் லைன்கள எல்லாம் நடு ஊருக்கு அடியில ஒரே சுரங்கத்துல இந்தப் பக்கம் நுழைச்சு அந்தப் பக்கம் வெளிய விட்டாங்க. நமக்கு அந்த சுரங்கம் கூட வேணாம், ஜங்ஷனே ஊரு நடுவுலதான் இருக்கு.

ஸ்டேஷனும் கூடணும். ஜங்ஷனுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நடுவுல ஏழெட்டு கிலோமீட்டர், நடுவுல பழங்காநத்தம், பசுமலைனு ஜனம் நெருக்கி கெடக்கற எடம், வண்டி அப்டியே அத தாண்டி ஓடுது. பசுமலையில ஒரு ஹால்ட், தோப்பூர்ல எய்ம்ஸுக்காக ஒரு ஹால்ட், வடக்க செல்லூர் பக்கம் ஒண்ணு. ரெண்டு பிளாட்பாரம், ஒரு நடைபாலம், ஒரு கூரை, அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.

சின்ன ஊருக்கு இதெல்லாம் எதுக்குன்னு சொல்றவங்களுக்கு கார்ல்ஸ்ருஹேனு ஒரு ஜெர்மன் ஊரு இருக்கு, ஜனத்தொகை மூணு லட்சம்தான். 1992-ல அவங்க டிராம் வண்டிய ரயில்வே பாதையில ஏத்தி பிரெட்டன்ங்கற பக்கத்து ஊரு வரைக்கும் விட்டாங்க, 750 வோல்ட் டிசியிலயும் ஓடும், ரயில்வேயோட 15 ஆயிரம் வோல்ட் ஏசியிலயும் ஓடும். வயக்காட்டு ஊர்ல ஏறுனவன் கடைத்தெரு நடுவுல எறங்குனான், கூட்டம் பல மடங்காச்சு, ஒலகமே வந்து பாத்துட்டுப் போச்சு. மதுரை அத விட எத்தன மடங்கு பெருசு. 20 லட்சம்ங்கற நிபந்தனை மெட்ரோவுக்குத்தான், ரயில்வே பாதையில லோக்கல் விடுறதுக்கு யாரும் தலைய எண்ணச் சொல்லல.

அதே நேரம் ஹைதராபாத்தையும் மறக்கக் கூடாது. 2003 ஆகஸ்ட்ல அங்க எம்எம்டிஎஸ்னு இதே யோசனைய செஞ்சாங்க, இருக்கற பாதையில லோக்கல், மாநில அரசும் ரயில்வேயும் காசு போட்டுக்கிட்டாங்க. மலிவு, நல்ல யோசனை. ஆனா எக்ஸ்பிரஸ் வந்தா லோக்கல் நிக்கும், எப்ப வரும்னு சொல்ல முடியாது, 2017-ல மெட்ரோ வந்ததும் ஜனம் அங்கிட்டு நகந்துருச்சு. டிக்கெட் வெல கம்மியா இருந்தும் நகந்தாங்க. நேரம் தெரியாத வண்டியில சும்மா ஏத்தி விட்டாக்கூட வேலைக்கு போறவன் ஏற மாட்டான். அதனால மதுரையில இத ஆரம்பிச்சா மூணு வண்டிய விட்டுட்டு கூட்டம் வரலேன்னு நிறுத்திரக் கூடாது. காலையில 7.20, 7.40, 8.00, 8.20-னு மனப்பாடமா சொல்ற மாதிரி ஒரு நேரம், ரெண்டு வருஷத்துக்கு மாத்தாம. ஜனத்துக்கு பழக்கம் வர்றதுக்கு அம்புட்டு நாள் ஆகும்.

மேக்க போடி லைனும் இருக்கு, அத ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், ஏன்னா ரயில நிறுத்துனா என்னாகும்ங்கறதுக்கு அதுதான் சாட்சி. 1928-ல போட்ட பாதை, ரெண்டாம் உலகப்போர்ல தண்டவாளத்தையே பிடுங்கிட்டு போயிட்டாங்க, அப்புறம் 1950-கள்லதான் திரும்ப வந்துச்சு. அகலப்பாதை ஆக்கறோம்னு 2010 கடைசியில மூடுனாங்க, தேனிக்கு ரயில் வந்தது 2022 மே, போடிக்கு 2023 ஜூன். பன்னெண்டு வருஷம்னா ஒரு பிள்ளை ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து பிளஸ் டூ முடிக்கற காலம், உசிலம்பட்டி ஆண்டிபட்டி பக்கம் ஒரு தலைமுறையே பஸ்ஸுக்கும் பைக்குக்கும் பழகிருச்சு. இன்னைக்கு அது ஒத்தப் பாதை, 90 கிலோமீட்டர், வண்டி கம்மி. ஆனா அந்த லைன்ல வடபழஞ்சியில எல்காட் ஐடி பார்க் இருக்கு, கொஞ்சம் தள்ளி நாகமலையில யுனிவர்சிட்டி இருக்கு. நாகமலை புதுக்கோட்டையில ஒரு ஹால்ட்ட போட்டு காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு மெமு உசிலம்பட்டி வரைக்கும் விட்டா பாதைக்கும் அர்த்தம் வரும்.

இனி உங்க திருப்புவனம் தம்பி. உங்க பாதை மதுரை கிழக்கு, சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தினு மானாமதுரை வரைக்கும் சுமார் 48 கிலோமீட்டர், கரெண்ட் கம்பி இருக்கு, ஆனா ஒத்தப் பாதை. ஒத்தப் பாதையில எதிர்வண்டி வந்தா ஒருத்தர் லூப்ல ஒதுங்கி நிக்கணும், அதத்தான் கிராசிங்னு சொல்வாங்க, ராமேஸ்வரம் வண்டி ஒண்ணு லேட்டுன்னா உங்க பாசஞ்சரும் சிலைமான்ல உக்காந்துரும். அங்க இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு கேக்கறது நடக்காது. ஆனா காலையில ரெண்டு மணி நேரத்துல மூணு வண்டி நடக்கும், கிராசிங் எடத்த சிலைமான்லயும் திருப்புவனத்துலயும் சரியா பிரிச்சு நேரம் போட்டா. முதல்ல சிலைமான் வரைக்குமாவது இரட்டைப் பாதை கேளுங்க, கீழடி மியூசியம் வந்ததுக்கு அப்புறம் அந்தப் பக்கம் போக்குவரத்து ஞாயித்துக்கிழமையும் கொறையறதில்ல. மதுரை கிழக்கு ஸ்டேஷன ஒழுங்கா ஆளு ஏறி எறங்கற ஸ்டேஷனா ஆக்கச் சொல்லுங்க, கீரைத்துறை, வில்லாபுரம் பக்கம் எறங்க வேண்டியவங்க அங்கயே எறங்கிட்டா ஜங்ஷன் வரைக்கும் போயி திரும்ப பஸ் புடிக்க வேண்டியதில்ல.

உங்க காலேஜ் எந்தப் பக்கம்னு நீங்க சொல்லல. தெக்கயோ மேக்கயோ வடக்க கூடல்நகர் பக்கமோன்னா உங்களுக்கு லோக்கல் ட்ரெயினே போதும், அத கேளுங்க. கே.புதூர், ஒத்தக்கடை பக்கம்னா உங்களுக்கு ரெண்டும் வேணும், ஜங்ஷன்ல எறங்கி மெட்ரோ ஏறணும். அது வர்ற வரைக்கும், திருப்புவனம் வண்டி ஜங்ஷனுக்கு வர்ற நேரத்துக்கு ஸ்டேஷன் வாசல்லயே மாட்டுத்தாவணி பஸ் ஒண்ணு நிக்கற மாதிரி பண்ணலாம், அதுக்கு தண்டவாளமும் வேணாம் டெல்லி அனுமதியும் வேணாம். சீசன் டிக்கெட் எடுத்து போற பிள்ளைங்க ஒரு அம்பது பேரு கையெழுத்து போட்டு, எந்த வண்டி, எத்தன மணிக்கு, எந்த ஸ்டேஷன்னு தெளிவா எழுதி, டிவிஷன் மேனேஜர் ஆபீஸுக்கு ஒண்ணு உங்க எம்.பி ஆபீஸுக்கு ஒண்ணு அடுத்த டைம்டேபிள் போடறதுக்கு முன்னாடியே குடுங்க. எழுதறதுக்கு உதவி வேணும்னா கேளுங்க, நானும் உக்காந்து எழுதித் தர்றேன்.